அடுத்த முறிவு

பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள், கண்ணுகளா. பேய் பிசாசு எதுவும் வராது. பட்டப்பகல், ஆஸ்பத்திரி, சுற்றிலும் ஜனநடமாட்டம். பயப்படுவதற்கு அதுவே போதும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

கோகிலவாணிக்கு வலது கை முழங்கைக்கு மேலே மூன்று துண்டாக முறிந்திருந்தது. பெருந்துறைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். மறுநாள் காலையில் ஆபரேஷன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டில் ஓரத்தில் அவள் புருஷன் லோகநாதன் சாத்துக்குடி உரித்து, கொட்டையை எடுத்து, ஒவ்வொரு சுளையாக அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தான். எதிர்க் கட்டில்காரி தன் புருஷனுக்கு அதைக் காட்டிக் கண்ணால் ஜாடை செய்தாள். பார், கற்றுக்கொள் என்று அர்த்தம்.

கோகிலவாணி எப்படி முறித்துக்கொண்டாள் என்று கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்தான். பாத்ரூமில் வழுக்கிவிட்டாள். இதற்கு முன்னால் இடது சுண்டுவிரல் முறிந்தபோதும் அங்கேதான் வழுக்கியது. லோகநாதன் உடனே ஆள் வைத்துப் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான டைல்ஸ் போட்டான். பிறகு காறை எலும்பு முறிந்தது. சுவரெல்லாம் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்து, ரப்பர் விரிப்பும் வாங்கிப் போட்டான். இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே கொத்தனாருக்குப் போன் செய்துவிட்டான். தெருவிலேயே அவ்வளவு பத்திரமான பாத்ரூம் வேறு யார் வீட்டிலும் கிடையாது. பார்க்க வருகிற உறவுக்காரப் பெண்கள், "எம்பட ஊட்டுக்காரரு ஒரு சோப்புப் பெட்டி வாங்கி மாட்டமாட்டேங்கறாரு" என்று பெருமூச்சு விட்டுப் போவார்கள். மாமியார் ஒவ்வொரு தரமும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். மிளகாய் கமறவில்லை, அத்தனையும் கண் என்பாள்.

கோகிலவாணி அந்தப் பாத்ரூமில் ஒரு நாளும் வழுக்கியதில்லை.

இதை நான் உங்களிடம் சொன்னதுபோல அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதுதான் அவளுடைய பயம். அடியைப் பற்றிய பயம் இரண்டாவதுதான். அடி எப்போது வரும் என்று ஓரளவு தெரியும், சொன்னால் என்ன வரும் என்று தெரியாது.

டாக்டர் பியூலா உள்ளே வந்தாள். நாகர்கோவில்காரி, குட்டையான உருவம், வேகமான பேச்சு. பின்னால் ஒரு நர்ஸ் சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் திரையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு 'வழிகாட்டி' என்று பேர். எலும்பு ஆபரேஷன் செய்யும்போது எந்த இடத்தில் எந்தச் சாய்வில் ஸ்க்ரூ இறங்க வேண்டும் என்று அது படத்திலேயே நீலக் கோடு போட்டுக் காட்டும். டாக்டர் கை அந்தக் கோட்டை விட்டு இம்மி விலகினாலும் கத்தும்.

"முன்னெல்லாம் நாங்க கையால தடவி, எக்ஸ்ரேயைப் பார்த்து, கர்த்தரேன்னு இறக்குவோம். இப்போ வழி தவறவே தவறாது," என்றாள் டாக்டர்.

திரையில் கோகிலவாணியின் எலும்புக்கூடு எழுந்து நின்றது. வலது கையில் நீலக் கோடுகள் ஓடின. அவ்வளவுதான் என்று நினைத்தால், இடது முன்கையிலும் ஒரு தகடு வரைந்திருந்தது. அதற்கு அடியில், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே வெளிப்பக்கத்து எலும்பில், குங்குமம் இட்டதுபோல ஒரு சிவப்பு.

"அது என்னங்க டாக்டர்? அந்தக் கை நல்லாத்தானே இருக்குது," என்றான் லோகநாதன்.

"இப்போ நல்லா இருக்கு. இது புதுசா வந்த வசதி. பழைய முறிவுத் தழும்பு எல்லாத்தையும் படிச்சு, அடுத்து எங்க முறியும்னு கணக்குப் போட்டுச் சொல்லும். சொன்ன இடத்துல முன்கூட்டியே பிளேட் வச்சுடலாம். கபடி ஆடற பசங்க ரெண்டு பேருக்குப் போன மாசம் வச்சேன். நல்ல பலன்."

லோகநாதன் நிம்மதியாகச் சிரித்தான். "அப்ப அதுக்கும் வச்சுடுங்க. எங்கூட்டு பாத்ரூமுக்கும் இவளுக்கும் ஜென்மப் பகைங்க. நான் எத்தனைதான் டைல்ஸ மாத்தறது?"

நர்ஸ் சிரித்தாள். எதிர்க் கட்டில்காரியும் சிரித்தாள்.

கோகிலவாணி சிரிக்கவில்லை. அவள் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் விழுகிற அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினால் எந்த எலும்பு முதலில் வாங்கும்? வலது கையில் தகடு இருந்து தூக்க முடியாமல் போனால் எந்தக் கை எழும்? அது அவளுக்குத் தெரியும். இந்த மிஷினுக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை பேர் நடுவே, வெளிச்சத்தில், அவள் கை எதற்காகத் தூக்கப்படும் என்று வரைந்து காட்டியிருக்கிறது. லோகநாதனுக்குப் புரிந்துவிட்டதா என்று கடைக்கண்ணால் பார்த்தாள். அவன் சாத்துக்குடித் தோலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தான்.

"சார், நீங்க கீழ பிளட் பேங்க்ல ஒரு யூனிட் ரத்தம் கொடுக்கணும்," என்றாள் டாக்டர்.

"ஒண்ணு என்னங்க, ரெண்டாவே எடுத்துக்குங்க. எம்பட ஊட்டுக்காரிக்குத்தானே," என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டே அவன் போனான். நர்ஸும் அவனுக்கு வழி காட்டப் போய்விட்டாள்.

டாக்டர் கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டு, நாளைய ஆபரேஷன் திட்டமாகப் படத்தைப் பூட்டப் போனாள்.

"டாக்டரம்மா," என்றாள் கோகிலவாணி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "அது எப்படிங்க கண்டுபிடிக்குது?"

"உங்களை மாதிரி லட்சம் பேரோட படம் இதுக்குள்ள இருக்கு. யார் எந்த மாதிரி வீட்ல இருந்தாங்க, என்ன வேலை, என்ன வண்டி, முதல்ல எங்க முறிஞ்சது, அப்புறம் எங்க முறிஞ்சது. உங்களை அவங்களோட பக்கத்துல வச்சுப் பார்க்குது. அவ்வளவுதான்."

"எதை மாத்துனா அந்தச் செவப்புப் போகும்ங்க?"

டாக்டர் அவளை விநோதமாகப் பார்த்தாள். இப்படி யாரும் கேட்டதில்லை. எல்லோரும் பிளேட் எத்தனை வருஷம் தாங்கும் என்றுதான் கேட்பார்கள். ஆனால் கேள்வி டாக்டருக்குப் பிடித்துப்போயிற்று. "பார்த்துடுவோமே," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். படத்துக்கு ஓரத்தில் அவள் வீடு, வேலை விவரமெல்லாம் ஒரு பத்தியாக இருந்தது.

"பாத்ரூம் தரை. சொரசொரப்பு டைல்ஸ்னு இருக்கு. கருங்கல்னு போடறேன்."

சிவப்பு அப்படியே இருந்தது.

"பாத்ரூமே இல்லாத வீடு." டாக்டர் சிரித்தாள். "குளிக்கவே மாட்டீங்கன்னு வைங்க."

அப்படியே இருந்தது.

"மொபெட்டை எடுத்துடறேன். ம்ஹூம். மாடிப்படியை எடுத்துடறேன். வேலையை எடுத்துடறேன்." டாக்டரின் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. "விழறதுக்கு இனிமே ஒண்ணுமே இல்லையே இந்த வீட்ல. வெறும் தரைல உட்கார்ந்திருக்கீங்க. பிறகு எப்படி?"

கோகிலவாணி பத்தியின் அடுத்த வரியைப் பார்த்தாள்.

"வீட்ல இருக்கறவங்கன்னு ஒரு வரி இருக்கு. மாமியார். எடுத்துப் பார்க்கட்டுமா?"

மாமியாரை எடுத்ததும் சிவப்பு சற்றே பெரிதாயிற்று. பார்க்க ஒரு ஆள் இருந்தால் கொஞ்சம் குறையும் போலிருக்கிறது.

டாக்டரின் விரல் நின்றுவிட்டது. அந்த வரியில் மீதி இருந்தது ஒரே ஒரு பேர். அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலேயே, "அடுத்ததை நீங்க சொன்னாத்தான் எடுப்பேன்," என்றாள்.

வராந்தாவில் யாரோ நடந்து வந்தார்கள். கோகிலவாணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். செருப்புச் சத்தம் தாண்டிப் போயிற்று.

"எடுத்துடுங்க," என்றாள்.

இடது கையிலிருந்த சிவப்பு காணாமல் போயிற்று. தகடும் போயிற்று. வெள்ளை வெளேரென்று ஒரு எலும்பு.

டாக்டர் அவள் பாதத்தின் மேல் கையை வைத்தாள். அதற்குள் மிஷின் கணக்கை முடித்துவிட்டு வேறொரு இடத்தில் சிவப்பு வைத்தது. மண்டையோட்டில், வலது காதுக்குப் பின்னால்.

"இது ஏங்க அங்க போச்சு?"

"அவரை விட்டு விலகிட்டா…" டாக்டர் திரையை மறுபடி படித்தாள். "விலகிப் போனவங்களுக்கு அடுத்தது அங்கன்னு சொல்லுது."

"அங்க பிளேட்டு வரையலீங்களே. நீலக் கோட்டையுங் காணோம்."

"அதுக்கு இது வழி போடாதும்மா."

கோகிலவாணி தலையை மெல்ல ஆட்டினாள். அவளுக்கு அது புதிய சேதியாக இல்லை. "ஒருக்கா போனனுங்க. தாராபுரத்துல எங்க சித்தி ஊட்டுக்கு. அன்னைக்குச் சாயங்காலமே வந்து வாசல்ல நின்னாரு. சத்தமே போடலீங்க. 'வா அம்மிணி, காத்தாடி போட்டு வச்சிருக்கேன், ஊடு குளுகுளுன்னு இருக்குது' அப்படின்னாரு. சித்தி மஞ்சளும் பூவும் குடுத்து அனுப்பி வச்சாங்க."

டாக்டர் முகவரி வரியை மாற்றினாள். கோயம்புத்தூர். ஓசூர். சென்னை. சிவப்பு எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வந்தது. ஹாஸ்டல் என்று போட்டாள். அவள் பேரை மாற்றிப் பார்க்க வழி இல்லை. பத்தியில் இருந்த எல்லா வரிகளையும் தொட்டாயிற்று, ஒன்றைத் தவிர.

"காரணம்," என்று படித்தாள் டாக்டர். "பாத்ரூமில் வழுக்கியது. இதை மாத்தலாமா?"

அங்கேதான் கோகிலவாணிக்கு உண்மையில் நடுங்கியது. இத்தனை நேரம் மிஷின் சொன்னது. இப்போது அவள் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் அது எழுத்தில் ஏறும். ஏறினால் டாக்டர் போலீசுக்குச் சொல்லியே தீர வேண்டும், அது சட்டம். எதிர்க் கட்டில்காரி காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். மாமியார் மண்ணை வாரித் தூற்றுவாள். வேலைக்குப் போகிற இடத்தில், "அத்தன நல்ல மனுசனையா?" என்பார்கள்.

"மாத்தினா என்னாகும்னு எனக்கும் தெரியாது," என்றாள் டாக்டர். "நான் வற்புறுத்தமாட்டேன்."

"படிக் கம்பி மேல கைய வச்சு மடக்குனாருங்க," என்றாள் கோகிலவாணி. "ஒடையற வரைக்கும் விடல. ஒடைஞ்சப்பறம் அழுதாரு."

டாக்டர் அதை அப்படியே அடித்தாள். மிஷின் யோசித்தது. காதுக்குப் பின்னால் இருந்த சிவப்பு மெல்ல வெளிறி, சுருங்கி, ஒரு மயிரிழை அளவுக்கு வந்து நின்றது.

டாக்டரின் கண் நிரம்பிவிட்டது. "பாருங்க. சொன்னா குறையுது. பார்த்தீங்களா?"

கோகிலவாணி அந்த மயிரிழையைப் பார்த்தாள். சந்தோஷப்பட மனசு எழுந்தது. ஆனால் ஏமாந்து ஏமாந்து பழகிய மனசு அது, ஒரு படி எழுந்து அங்கேயே நின்று கேட்டது.

"ஏங்க கொறையுது?"

டாக்டர் திரையில் எதையோ தட்டிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது.

"உண்மையைச் சொன்னவங்க இதுல கொஞ்சம் பேர்தான் இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தரும் மறுபடி எலும்பு முறிஞ்சு வந்ததா பதிவு இல்ல."

"வரலீங்களா, வர முடியலீங்களா?"

டாக்டர் அந்தப் பதிவுகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியல," என்றாள் டாக்டர் கடைசியில். "இதுக்கும் தெரியாது. வந்தாத்தான் இதுக்குக் கணக்கு. வராதவங்க எல்லாரும் இது பார்வையில சௌக்கியமா இருக்கறவங்கதான்."

எலும்புக்குள் எங்கே எவ்வளவு ஆழம் போகலாம் என்று இம்மி பிசகாமல் வழி காட்டுகிற மிஷின், அந்த இடத்துக்கு வந்ததும் கையை விரித்துவிட்டது. அதற்கு அப்புறம் நீலக் கோடு இல்லை. நடந்து போனவர்கள் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. இனி அவளாகத்தான் தடவித் தடவிப் போக வேண்டும்.

திரைச்சீலை விலகியது. லோகநாதன், முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்ற கையில், ரத்தம் கொடுத்தவர்களுக்குக் கொடுக்கிற மாம்பழ ஜூஸ் டப்பா.

"நான் குடிக்கல. உனக்குத்தான், அம்மிணி." ஸ்ட்ராவைக் குத்தி அவள் வாயருகே நீட்டினான். பிறகு திரையைப் பார்த்தான். "அட, எடது கையில இருந்த செவப்பக் காணோமுங்களே."

டாக்டர் திரையை மூடியிருக்கலாம். மூடவில்லை. கட்டில் தலைமாட்டில் இருந்த மணியை மட்டும் அழுத்தினாள். பிறகு கோகிலவாணியைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இப்போ ரெண்டு திட்டம் இருக்கு. முதல்ல போட்டது ஒண்ணு, இது ஒண்ணு. எதைப் பூட்டட்டும்? பூட்டிட்டா நாளைக்கு அதன்படிதான் ஆபரேஷன். என்னாலும் மாத்த முடியாது."

முதல் திட்டத்தில் இடது கைக்கு இரும்பு உண்டு. அடி விழும், ஆனால் முறியாது. இரண்டாவதில் கை வெறும் கை. அந்தக் கையோடு அந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது.

"பிளேட்டு வேண்டாமுங்க," என்றாள் கோகிலவாணி. "வலதுக்கு மட்டும் வைங்க."

"ஏன் அம்மிணி? டாக்டரே சொன்னாங்கல்ல, அங்கதான் முறியும்னு?"

"முறியாதாம்."

"அதெப்படி உனக்குத் தெரியும்?" என்று செல்லமாகக் கேட்டுக்கொண்டே அவன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான். குனிந்து, பத்தியை மேலிருந்து படிக்க ஆரம்பித்தான். வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் அவனுக்கு. "பாத்ரூம் தரை. இல்லை. வண்டி. இல்லை. வீட்டில் இருக்கறவங்க. இல்லை…" குரல் கீழே இறங்க இறங்கத் தணிந்தது. கடைசி வரிக்கு வந்ததும் உதடு மட்டும் அசைந்தது.

அவன் சத்தம் போடவில்லை. வெளியாட்கள் முன்னால் அவன் ஒருபோதும் சத்தம் போட்டதில்லை. ஜூஸ் டப்பாவை மேஜை மேல் வைத்தான். அவள் பக்கம் திரும்பினான்.

"அம்மிணி," என்றான், ரொம்ப மெதுவாக.

கோகிலவாணி அதுவரை வாங்கிய எல்லா அடியையும்விட அந்த ஒரு வார்த்தைக்கு அதிகம் பயந்தாள். தன்னையறியாமல் மூத்திரம் போய்க் கட்டில் விரிப்பு நனைந்துவிட்டது. அப்போதும் டாக்டரைப் பார்த்து, "பூட்டிருங்க," என்றாள்.

காவலாளியும் இரண்டு நர்ஸுகளும் உள்ளே வந்தபோது பூட்டியாகிவிட்டது.

மறுநாள் கையை மட்டும் மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் நடந்தது. அவள் விழித்துக்கொண்டேதான் இருந்தாள். நீலக் கோட்டில் ஒவ்வொரு ஸ்க்ரூவாக இறங்குவதைத் திரையில் பார்த்தாள். தியேட்டர் வாசலில் ஒரு பெண் போலீஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததை விவரமாகச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வராது. லோகநாதன் உள்ளே போனான், ஜாமீனில் வந்தான். கேஸ் வாய்தா வாய்தாவாக இழுத்தது. சித்தி வந்து, "ஆம்பள கோவம், அதைப் போயி எழுதி வைப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கோகிலவாணி காரைக்குடியில் ஒரு ஹாஸ்டலில் நான்கு பெண்களோடு ஒரே அறையில் இருந்தாள், ஒரு தையல் கடையில் பட்டன் வைத்தாள். பஸ்ஸில் ஏறினால் முதுகுக்குப் பின்னால் ஆள் இல்லாத கடைசி சீட். தெருவில் யாராவது "அம்மிணி" என்று கூப்பிட்டால் கால் அங்கேயே நின்றுவிடும். இரண்டு தடவை அவன் கண்ணில் பட்டான். ஒரு தடவை அது வேறு ஆள்.

ஒரு வருஷம் கழித்து, அதே ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவான மத்தியானத்தில், அவள் படம் எடுக்கிற அறைக்கு வந்து நின்றாள். டாக்டர் பியூலா வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தாள். மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அவளைத் தெரியாது.

"எங்கக்கா வலிக்குது?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"விழுந்துட்டீங்களா?"

"இல்லீங்க. எடது கையை ஒரு படம் எடுங்க. தலையையும் எடுங்க."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா இருக்கற எலும்பை எதுக்குக்கா எடுக்கறது? முறிஞ்சா வாங்க, எடுத்துத் தர்றேன்."

"முறியலேன்னு அதுக்குத் தெரியோணுங்க," என்றாள் கோகிலவாணி. "உண்மையச் சொல்லிட்டு, அவர விட்டுப் போனவளுங்க நானு. திரும்பி வந்தேன்னு அதுல ஏறோணும். எனக்கப்பறம் யாராச்சும் கேப்பாங்க."

அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. பிறகு எழுந்து, தலைக்கு ஒரு தலையணை வைத்துப் படுக்கச் சொன்னாள். படம் வந்தது. இடது கை வெள்ளை வெளேரென்று இருந்தது. காதுக்குப் பின்னால் அந்த மயிரிழை இன்னும் அங்கேதான் இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"காரணம்னு ஒரு வரி கேக்குது. அதை நிரப்பாம விடாது," என்றாள் அந்தப் பெண். "என்னக்கா போடட்டும்?"

"வந்தேன்னு போடுங்க, கண்ணு."

போட்டாள். மிஷின் மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டது.

கோகிலவாணி எழுந்து முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். முன்வாசலைத் தவிர வெளியே போக வேறு வழி இருக்கிறதா என்று கேட்டாள். சமையல்கட்டுப் பக்கமாக ஒன்று இருந்தது. இருபுறமும் பார்த்துவிட்டு அதன் வழியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.